விஆரில் சாலை கடக்கும் சோதனை: எந்த மென்பொருளில் தொடங்குவது என்று கேட்டவருக்கு

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார்: வாகனம் வந்துகொண்டிருக்கும்போது எந்த இடைவெளியில் மக்கள் சாலையைக் கடக்கத் துணிகிறார்கள் என்று விஆரில் (மெய்நிகர் உலகில்) அளக்க வேண்டும். துறையில் மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 ஹெட்செட் ஒன்று இருக்கிறது. பைத்தான் ஓரளவு வரும், சி ஷார்ப் தெரியாது. கேம் எஞ்சின்களான யூனிட்டியா, அன்ரியலா, ஆய்வகங்களுக்கான விசார்டா, சைக்கோபையா? கோடே எழுதாமல் முடிக்க வழி உண்டா? அப்புறம், குவெஸ்ட் 3 வாங்கச் சொல்லி வழிகாட்டியிடம் கேட்கலாமா?

மென்பொருள் பெயர்களாக அடுக்கியிருந்தாலும், எதில் செய்தால் கடைசியில் கைக்கு வரும் டேட்டாவை நம்பலாம், ஆய்வேட்டைத் திருத்துபவர் குடைந்து கேட்டால் பதில் சொல்ல முடியும் என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். பல வருடங்களாக ஒரு புலனறிவு ஆய்வகத்தில் சோதனைகளுக்கான மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. பெரும்பாலும் யூனிட்டி. அன்ரியலில் மற்றவர்கள் எழுதியதைப் பராமரித்திருக்கிறேனே தவிர முதலிலிருந்து எதையும் கட்டியதில்லை, எனவே அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரடிப் பதில்: யூனிட்டியும் அதன் மேல் யூஎக்ஸ்எஃப் என்ற இலவசச் சட்டகமும். விசார்டுக்கு உங்கள் துறையில் ஏற்கெனவே லைசென்ஸ் இருந்தால் மட்டும் அதைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் இருக்கும் வேர்ல்ட்விஸ் நிறுவனத்தின் தயாரிப்பு அது, முழுக்கப் பைத்தானில் எழுதலாம், ஆய்வகங்களுக்காகவே செய்தது, உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டியது, நாளைக்கு உங்கள் சோதனையை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க வேண்டுமானால் அவரும் வாங்க வேண்டும். சைக்கோபை சாதாரணத் திரையில் செய்யும் சோதனைகளுக்கு அருமையான கருவி, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் முப்பரிமாணத் தெரு, ஓடும் கார், நடக்கும் மனிதர் என்று வந்துவிட்டால் அது அதற்காகக் கட்டப்பட்டதல்ல. அன்ரியலில் படம் அழகாக வரும். ஆனால் ஆராய்ச்சிக்கென்று எழுதப்பட்ட இலவசச் சட்டகங்களில் பெரும்பங்கு யூனிட்டிக்குத்தான் இருக்கிறது, நடுராத்திரியில் எதிலாவது சிக்கிக்கொண்டால் உதவி கிடைப்பதும் யூனிட்டியில்தான் சுலபம்.

சட்டகம் எதற்கு என்று ஒரு வார்த்தை. யூனிட்டிக்கு ட்ரயல் (பங்கேற்பாளர் ஒரு முறை செய்யும் முயற்சி) என்றால் என்னவென்று தெரியாது. பொருள்களை வரையத் தெரியும், ஒலி எழுப்பத் தெரியும், தலை எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லும், அவ்வளவுதான். எந்த ட்ரயலுக்கு எந்த வேகம், எந்த இடைவெளி, வரிசையை எப்படிக் கலைப்பது, எந்தப் பங்கேற்பாளருக்கு எந்தப் ப்ளாக் (ட்ரயல்களின் தொகுதி) முதலில், பாதியில் நின்றுபோனால் அதுவரை எடுத்த டேட்டா எங்கே, இதையெல்லாம் நாம்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு ஆய்வகமும் இதைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போனதன் விளைவுதான் இந்தச் சட்டகங்கள். யூஎக்ஸ்எஃப் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் புரூக்ஸும் சக ஆய்வாளர்களும் செய்தது. செஷன் (ஒருவரின் முழு அமர்வு), அதற்குள் ப்ளாக், அதற்குள் ட்ரயல் என்ற அடுக்கில் சோதனையை அமைக்கிறீர்கள். காரின் வேகம் என்ற அமைப்பை செஷனுக்கு ஒருமுறை சொன்னால் எல்லா ட்ரயலுக்கும் அது போகும், ஒரு ப்ளாக்கில் மட்டும் மாற்றினால் அந்தப் ப்ளாக்குக்கு மட்டும் மாறும். தலையின் மீதும் காரின் மீதும் ஒரு டிராக்கரைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் (திரையில் வரையும் ஒவ்வொரு படத்திலும்) அவை இருந்த இடமும் திரும்பியிருந்த கோணமும் ட்ரயலுக்கு ஒரு சிஎஸ்வி (அட்டவணை) ஃபைலாக, பங்கேற்பாளர் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் போய் விழும். ஃபைல் எழுதும் வேலை தனி த்ரெட்டில், அதாவது வரையும் வேலைக்கு இணையாக, நடப்பதால் படம் தடுமாறாது, இது சின்ன விஷயமல்ல.

மற்றவற்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிஎம்எல்டக்ஸ், மாறிகளை நீங்கள் கொடுத்தால் ட்ரயல் அட்டவணையைத் தானே போட்டுத்தரும், சோதனை ஓடும்போதே நடத்துபவர் ஒரு ட்ரயலைத் தாண்டவோ திரும்ப ஓட்டவோ முடியும். காரணிகளை ஒன்றோடொன்று பெருக்கும் வடிவமைப்புகளுக்கு யூஎக்ஸ்எஃபைவிட அது வசதி என்றே சொல்வேன். சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் செய்த ஈவ் கட்டிடங்களுக்குள் வழி கண்டுபிடிக்கும் ஆய்வுகளை மனதில் வைத்தது. லேண்ட்மார்க்ஸும் அதே வகைதான். யூஎஸ்இ என்பது நேரத்தைத் தனி வன்பொருள் வைத்து அளக்கும் நரம்பியல் ஆட்களுக்கு. லண்டனின் யூசிஎல் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த யூபிக், பலர் ஒரே மெய்நிகர் இடத்தில் கூடும் சோதனைகளுக்கு. இவற்றில் பல யாரோ ஒரு முனைவர் பட்ட மாணவரின் உழைப்பில் நிற்பவை. அவர் பட்டம் வாங்கிப் போனதும் பராமரிப்பும் கூடவே போய்விடலாம். எதை எடுக்கும் முன்னும் அதன் கோட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, எந்த யூனிட்டிப் பதிப்பில் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். யூஎக்ஸ்எஃபை நான் முன்னே வைப்பதற்குக் காரணம் அது சிறியது என்பதே. நாளைக்கு யாரும் பராமரிக்காமல் விட்டாலும் நீங்களே திறந்து சரிசெய்துகொள்ள முடியும்.

சரி, இனிதான் முக்கியமான விஷயம். யூனிட்டியைத் திறக்கும் முன், சோதனை முடிந்த பிறகு உங்கள் முடிவு ஃபைலில் ஒரு வரிசை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பங்கேற்பாளர் எண், ப்ளாக், ட்ரயல், காரின் வேகம், நொடியில் இடைவெளி, கார் புறப்பட்ட தூரம், கடந்தாரா இல்லையா, நடைபாதை விளிம்பைத் தலை தாண்டிய நேரம், எதிர்ப்புற விளிம்பைத் தாண்டிய நேரம், அந்த நொடியில் கார் எங்கே இருந்தது, மிச்சமிருந்த பாதுகாப்பு நேரம் எவ்வளவு. இதுவரை எல்லோரும் எழுதுவார்கள். இதோடு, அந்த ட்ரயலில் எத்தனை ஃப்ரேம் தவறியது, மிக நீண்ட ஃப்ரேம் எத்தனை மில்லிசெகண்ட், ட்ரயலின் தொடக்கத்தில் பங்கேற்பாளரின் கண் உயரம், ஹெட்செட்டின் லென்ஸ் இடைவெளி எதில் வைக்கப்பட்டது, மென்பொருளின் எந்தப் பதிப்பு ஓடியது என்பதையும் சேருங்கள். குவெஸ்ட் 2-இல் லென்ஸ் இடைவெளிக்கு 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்றே நிலைகள், அது தானாகப் பதிவாகாது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

இந்தப் பின்பாதி ஏன் வேண்டும் என்றால், கேம் எஞ்சின் தன் தடுமாற்றத்தைப் பார்ப்பவரிடமிருந்து மறைப்பதற்காகவே கட்டப்பட்டது. விளையாடுபவருக்கு அது வரம். நமக்கோ தடுமாற்றம் எப்போது நடந்தது, எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். குவெஸ்ட் 2-இல் வழக்கமாக நொடிக்கு 72 ஃப்ரேம், ஒரு ஃப்ரேமுக்கு 13.9 மில்லிசெகண்ட். ஏதோ ஒரு காரணத்தால் உங்கள் நிரல் ஒரு ஃப்ரேமைக் குறித்த நேரத்தில் கொடுக்கவில்லை என்றால் ஹெட்செட் சும்மா நிற்காது, பழைய படத்தையே எடுத்து, தலை இப்போது திரும்பியிருக்கும் கோணத்துக்கு ஏற்ப நகர்த்திக் காட்டிவிடும். பங்கேற்பாளர் தலையைத் திருப்பினால் உலகம் ஒழுங்காகத் திரும்புகிறது, அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒரு ஃப்ரேமுக்குக் கார் நின்ற இடத்தில் நின்றுவிட்டு அடுத்ததில் குதித்திருக்கும். உங்கள் சோதனையே அந்தக் காரின் நகர்வைப் பற்றியது! கணினியோடு இணைத்து ஸ்டீம்விஆர் என்ற மென்பொருள் வழியாக ஓட்டினால் இன்னொரு தொல்லை: மோஷன் ஸ்மூத்திங் என்ற வசதி, கணினி திணறும்போது பாதி ஃப்ரேம்களை மட்டும் வாங்கிக்கொண்டு இடையில் உள்ளவற்றைத் தானே கற்பனை செய்து நிரப்பும். அதை அணைத்துவிட்டுத்தான் சோதனை தொடங்க வேண்டும்.

காரை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதும் அதே கதைதான். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலும் காருக்கு ரிஜிட்பாடி (இயற்பியல் விதிப்படி நகரவைக்கும் கூறு) போட்டு ஃபிக்ஸ்ட் அப்டேட்டில் (இயற்பியல் கணக்குக்கான தனிச் சுழற்சியில்) நகர்த்தச் சொல்வார்கள். யூனிட்டியில் அது இயல்பாக நொடிக்கு 50 முறைதான் ஓடும். திரையோ 72 முறை வரைகிறது. ஆக ஒவ்வொரு நொடியிலும் 22 ஃப்ரேம்களில் கார் நகரவே நகராது, மற்றவற்றில் 22 சென்டிமீட்டர் தாண்டும் (மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில்). லேசான அதிர்வு போலத் தெரியும், சிலருக்கு அதுவும் தெரியாது. இயற்பியல் கணக்கே இங்கு வேண்டாம். ட்ரயல் தொடங்கி எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, தொடக்க இடத்தோடு வேகத்தையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டி, காரை அங்கே வையுங்கள், ஒவ்வொரு ஃப்ரேமிலும். அப்போது ஒரு ஃப்ரேம் தவறினாலும் கார் அடுத்த ஃப்ரேமில் தான் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும், பிழை சேர்ந்துகொண்டே போகாது.

நேரத் துல்லியத்தைப் பற்றிப் பயமுறுத்தும் பதிவுகள் நிறைய இருக்கின்றன, அதனால் எது உறுதி, எது உங்களுக்குத் தேவையில்லை என்று பிரித்துவிடுகிறேன். உறுதியானது: பொத்தானை எப்போது அழுத்தினாலும் யூனிட்டி அதை ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் பார்க்கிறது, ஆகவே 72 ஹெர்ட்ஸில் உங்கள் நேரம் 13.9 மில்லிசெகண்ட் படிகளில்தான் வரும். ஒரு ஃப்ரேமுக்குள் எத்தனை முறை கேட்டாலும் யூனிட்டியின் கடிகாரமான டைம் டாட் டைம் ஒரே எண்ணைத்தான் தரும். லீட்ஸ் குழு 2023-இல் வெளியிட்ட அளவீட்டில், கையைத் திடீரென அசைத்த கணத்துக்கும் அது திரையில் தெரிவதற்கும் இடையே, சோதித்த ஹெட்செட்டுகளில் 21 முதல் 42 மில்லிசெகண்ட் தாமதம் இருந்தது. அசைவு தொடர்ந்ததும் ஹெட்செட் முன்கூட்டியே ஊகித்து அதை 2 முதல் 13 வரை குறைத்துவிடுகிறது. இப்போது உங்கள் சோதனைக்கு வாருங்கள். கடக்கலாமா வேண்டாமா என்ற முடிவு ஒரே ஆளிடமே ட்ரயலுக்கு ட்ரயல் சில நூறு மில்லிசெகண்ட் அலைபாயும். அங்கே நிலையான ஒரு 30 மில்லிசெகண்ட் தாமதம் எந்த முடிவையும் புரட்டிப்போடாது. கண் இமைக்கும் நேரத்தில் வந்து மறையும் தூண்டல்களை வைத்து ஒருவர் சோதனை செய்கிறார் என்றால் அவரிடம் நான் இப்படிப் பேசமாட்டேன், ஒரு ஒளி உணரியை லென்ஸ் மேல் ஒட்டி முதலில் அளந்துவிட்டு வாருங்கள் என்பேன். உங்களுக்குத் தாமதம் நிலையாக இருக்கிறதா, தவறும் ஃப்ரேம்கள் எண்ணப்படுகின்றனவா என்பது போதும்.

உங்கள் சோதனைக்கு நேரத்தைவிடப் பெரிய ஆபத்து பிக்சலில் இருக்கிறது, இதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். காரின் அகலம் 1.7 மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11.1 மீட்டர், 4 நொடி இடைவெளி என்றால் 44 மீட்டர் தூரம். அந்தத் தூரத்தில் கார் கண்ணுக்கு 2.2 டிகிரி அகலம். குவெஸ்ட் 2-இல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 20 பிக்சல், எனவே அந்தக் கார் மொத்தமே 44 பிக்சல் அகலம்தான். கார் எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதுதான் 'இன்னும் எவ்வளவு நேரத்தில் வந்துவிடும்' என்று கணிக்க நம் கண்ணுக்கு உள்ள முக்கியமான தடயங்களில் ஒன்று. 44 மீட்டரில் அது நொடிக்கு அரை டிகிரிக்குச் சற்று அதிகம், அதாவது 11 பிக்சல். 100 மீட்டரில் கணக்குப் போட்டால் நொடிக்கு வெறும் 2 பிக்சல்! நல்ல பார்வை உள்ள கண் டிகிரிக்கு 60 பிக்சல் அளவுக்கு நுணுக்கம் பார்க்கக்கூடியது. ஆகவே தூரத்துக் கார்களைப் பற்றிய தீர்ப்பில் உங்கள் பங்கேற்பாளர்களைக் கட்டிப்போடுவது அவர்கள் மனமா, திரையா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். விளிம்புகளின் பிசிறைச் சீராக்கும் ஆன்ட்டி-ஏலியாசிங்கைக் கூட்டி வையுங்கள், ரொம்பத் தூரத்து இடைவெளிகளைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். கடையில் வாங்கும் கார் மாடல்களில் எல்ஓடி என்று ஒன்று இருக்கும், குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் எளிய வடிவத்தைக் காட்டிவிட்டு, அருகில் வரும்போது சட்டென்று நல்ல வடிவத்துக்கு மாறும். அந்த மாற்றத்தைச் சில பங்கேற்பாளர்கள் கண்டுபிடித்து, 'கார் மினுங்கினதும் நின்றுவிட வேண்டும்' என்று விதி வைத்துக்கொள்வார்கள். அதை அணைத்துவிடுங்கள்.

விஆரில் மக்கள் தூரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதும் ஓரளவு நிலைநாட்டப்பட்டதுதான். 2013-இல் ரென்னரும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரியாக உண்மைத் தூரத்தின் 74 சதவீதமாகவே மதிப்பிட்டிருந்தார்கள். பின்னால் வந்த ஹெட்செட்டுகளில் இது மேம்பட்டிருக்கிறது, முழுக்கப் போய்விடவில்லை. எனவே 'மக்கள் 4.2 நொடி இடைவெளியில் கடக்கிறார்கள்' என்று ஒரு தனி எண்ணை விஆர் சோதனையிலிருந்து எடுத்து நிஜச் சாலைக்குப் பொருத்தினால் கேள்வி வரும், வரவும் வேண்டும். அதே அறையில் அதே ஹெட்செட்டில் ஒரு நிபந்தனைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னால் உங்கள் கால் தரையில் இருக்கும். விஆரில் காட்டும் துணிச்சல் தெருவில் காட்டும் துணிச்சல்தானா என்பது இன்னும் தீர்ந்த விஷயமல்ல. உயிருக்கு ஆபத்தில்லை என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரியும்.

ஒலியை விட்டுவிடாதீர்கள். யூனிட்டியில் ஒலி மூலத்துக்கு டாப்ளர் விளைவு (மூலம் நகரும்போது சுருதி மாறுவது) இயல்பாகவே போட்டிருக்கும், தொலைவுக்கு ஏற்ப ஒலி குறையும் வளைவும் ஏதோ ஒரு பொதுவான வளைவு. ட்ரயல் முடிந்ததும் காரைத் தொடக்க இடத்துக்குத் தூக்கி வைக்கிறீர்கள் இல்லையா, எஞ்சின் அதைக் கண் இமைக்கும் நேரத்தில் நூறு மீட்டர் பாய்ந்ததாக எடுத்துக்கொண்டு ஒரு விநோதமான கீச்சொலியை எழுப்பும். தூக்கி வைக்கும்முன் ஒலியை நிறுத்திவிட்டு, வைத்தபின் தொடங்குங்கள். ஒலியின் தாமதம் படத்தின் தாமதத்தைவிட அதிகமாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குவெஸ்ட் 2-ஐக் கணினி இல்லாமல் தனியாக ஓட்டுவதா, வயர் போட்டு ஓட்டுவதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வந்து நிற்கப்போவது அங்கேதான். ஒரு வழித்தடம் சுமார் 3.5 மீட்டர், நிஜமாகவே நடக்கவைத்துக் கடக்கச் செய்தால் டேட்டா வேறு தரம். பொத்தானை அழுத்தச் சொல்வதற்கும் காலடி எடுத்து வைப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. அதற்கு வயர் இல்லாமல் இருப்பது நல்லது. ஆனால் உள்ளே இருப்பது மொபைல் சிப், நிழல், கண்ணாடிப் பிரதிபலிப்பு என்று அலங்கரித்தால் ஃப்ரேம் விழும். சாம்பல் நிறத் தெருவும் ஒழுங்கான காரும் போதும். டேட்டா ஹெட்செட்டின் உள்ளே ஆண்ட்ராய்டு ஃபோல்டரில் தங்கும், ஒவ்வொரு பங்கேற்பாளருக்குப் பிறகும் எடுத்து வையுங்கள், ஆப்பை அழித்து நிறுவினால் அதுவும் போய்விடும். வலது கையில் உள்ள அந்த மெட்டா பொத்தானைப் பங்கேற்பாளர் அழுத்திப் பிடித்தால் உலகத்தின் மையமே நகர்ந்துவிடும், தெரு அறைச் சுவருக்குள் போய்விடும்! கன்ட்ரோலரே கொடுக்காமல் இருப்பதுதான் இதற்கு மருந்து, நடந்து பதில் சொல்வதற்கு அது தேவையும் இல்லை. அறையில் வைக்கும் கருவிகளைக் கொண்டு தலையின் இடத்தை அறியும் வைவ் போன்ற ஹெட்செட்டுகளிலும் இப்படி ஒன்று உண்டு. 2017-இல் நீஹோர்ஸ்டர், லி, லாப்பே மூவரும் அளந்து காட்டினார்கள், கண்காணிப்பு ஒரு கணம் விட்டுப்போய்த் திரும்பினால் தரையே சாய்ந்த நிலையில் திரும்பி வரலாம். எந்தக் கருவியானாலும் தரையில் இரண்டு குறிகளை ஒட்டி, ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் முன்னால் ஹெட்செட்டை அவற்றின் மேல் வைத்து எண்ணைச் சரிபாருங்கள். கண் உயரம் பத்து சென்டிமீட்டர் தவறினாலும் தூர மதிப்பீட்டில் அது எதிரொலிக்கும்.

எங்கே பார்த்தார்கள் என்று அளக்க ஆசை வரும். குவெஸ்ட் 2-இல் கண் கண்காணிப்பு கிடையாது, தலை திரும்பிய திசையைப் பார்வையின் திசை என்று எழுதாதீர்கள். தலையின் திசை என்றே எழுதுங்கள், சாலை கடக்கும்போது வலமும் இடமும் எத்தனை முறை திரும்பினார் என்பதே நல்ல அளவுதான். பின்னால் இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) போன்றவற்றைச் சேர்த்தால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உருவான லேப் ஸ்ட்ரீமிங் லேயரைப் படியுங்கள், வெவ்வேறு கருவிகளின் நேரத்தை ஒரே கோட்டில் சேர்க்க அதுதான் நடைமுறையில் எல்லோரும் பயன்படுத்துவது. இப்போதைக்கு வேண்டாம்.

கோடே எழுதாமல் முடியுமா? முடியாது என்று சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் நீங்கள் பயப்படும் அளவும் இல்லை. யூஎக்ஸ்எஃப் மேல் இந்தச் சோதனைக்குச் சில நூறு வரிகள் போதும், பைத்தான் தெரிந்தவருக்கு அந்த அளவு சி ஷார்ப் பிடிபட்டுவிடும். ஏஐ உதவியாளர்கள் யூனிட்டிக் கோட் சரளமாக எழுதித்தருகின்றன, தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் மேலே சொன்ன ஃபிக்ஸ்ட் அப்டேட் விஷயம் போன்றவற்றில் அவையும் கேம் பழக்கத்தையே கொண்டுவரும். நேரத்தைத் தொடும் ஒவ்வொரு வரியும் உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். யூனிட்டியின் நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு ஒன்றை எடுத்து, டேட்டா எடுத்து முடிக்கும்வரை மாற்றாதீர்கள். ஹெட்செட்டின் தானியங்கி அப்டேட்டையும் அந்தக் காலத்துக்கு முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவல் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்று அறிவித்துப் பெரிய கலவரமாகி, ஒரு வருடம் கழித்து ரத்து செய்தது நினைவிருக்கும். ஆய்வகச் சோதனைகளை அது தொட்டிருக்காது என்றாலும் ஒரு நிறுவனத்தின் கையில் நம் கருவி இருக்கிறது என்பதை எல்லோருக்கும் உணர்த்திவிட்டது. இன்னொன்று, யூனிட்டியின் கடையான அசெட் ஸ்டோரில் வாங்கிய காரை உங்கள் ப்ராஜெக்டோடு சேர்த்துப் பொதுவில் போட லைசென்ஸ் அனுமதிக்காது. கோடைத் தனியாகவும் மாடலைத் தனியாகவும் வைத்துப் பழகுங்கள்.

நெறிமுறைக் குழுவுக்கு எழுதும்போது இரண்டு விஷயங்கள். தலைசுற்றலுக்கு 1993-இலிருந்து புழங்கும் 16 அறிகுறிக் கேள்வித்தாளைத்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள். சோதனைக்கு முன்னால் அதைக் கொடுப்பதே பின்னால் அதிகத் தலைசுற்றலைச் சொல்லவைக்கிறது என்று 2007-இல் ஓர் ஆய்வு காட்டியது, அதையும் கணக்கில் எடுங்கள். கார் மோதுவதைக் காட்டாதீர்கள், மோதும் நிலை வந்தால் திரையைக் கறுப்பாக்கி ஹாரன் ஒலியோடு முடித்துவிடுங்கள். இரண்டாவது, பெயரை நீக்கிவிட்டால் டேட்டா அடையாளமற்றதாகிவிடும் என்று எழுதாதீர்கள். 2020-இல் ஸ்டான்ஃபோர்டில் 511 பேரின் தலை, கை அசைவுகளை வைத்து, ஆளுக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவான பதிவிலிருந்து, யார் எவர் என்று 95 சதவீதம் சரியாகச் சொன்னது ஒரு கணினி நிரல். ஃப்ரேம் வாரியான அசைவுப் பதிவைப் பொதுவில் போடப்போகிறீர்கள் என்றால் ஒப்புதல் படிவத்தில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

குவெஸ்ட் 3 விஷயம். டிகிரிக்கு 25 பிக்சல், லென்ஸும் தெளிவு, மேலே சொன்ன காரின் வளர்ச்சிக் கணக்கில் கால் பங்கு முன்னேற்றம் கிடைக்கும். பணம் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் இடைவெளிகளை 60 மீட்டருக்குள் வைத்துக்கொண்டு இருப்பதிலேயே தொடங்குங்கள். பாதிப் பேரை 2-இலும் மீதியை 3-இலும் ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கும் முன்னால், காருக்குப் பதில் ஒரு சாம்பல் பெட்டியை ஓடவிட்டு, நீங்களே பங்கேற்பாளராக நின்று ஒரு முழு செஷன் எடுத்து, அந்த சிஎஸ்வியைப் பைத்தானில் திறந்து உங்கள் வரைபடத்தை வரைந்து பாருங்கள். வரைய ஒரு நெடுவரிசை குறைகிறது என்றால் அது இப்போதே தெரிந்துவிடும்.